கொட்டாய்ச் சத்தத்துக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவதிகையில் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை எரித்துவிட்டேன். முப்புரம் எரித்த தலம் என்று புராணம் சொல்கிற ஊர். நான் எரித்தது ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மர்தான். ஆனால் அந்தப் புகை நாற்றம் இன்னும் மூக்கில் நிற்கிறது.

என் தாய்மாமா பண்ருட்டி வட்டாரத்து டூரிங் கொட்டாய்களில் ஆபரேட்டராக இருந்தவர். கொட்டாய்கள் ஒவ்வொன்றாய் மூடினபோது, கடைசி முதலாளி சம்பள பாக்கிக்கு பதிலாக அந்த ஆம்ப்ளிஃபயரையும் ஒரு பெரிய ஸ்பீக்கரையும் கொடுத்தாராம். பெயர்த்தகடு கூட இல்லாத சாமான். மாமா தவறிய பிறகு அத்தை என்னிடம், “உங்க மாமா இத யாரையும் தொட வுடமாட்டாரு. நீதான் இஞ்சினீருக்குப் படிச்சவன். பாடுதான்னு பாரு தம்பி” என்றார்கள்.

நான் படித்தது பி.இ., பிழைப்பது சாஃப்ட்வேரில். பாடவில்லை. “டப்” என்று ஒரு வெடி, அப்புறம் “ம்ம்ம்” என்று ஒரு முனகல், அப்புறம் புகை.

ஏன் எரிந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை. நம்ம ஊர் சினிமா வரலாற்றை நடிகர், பாட்டு, வசனம் வழியாகவே எழுதிவிட்டோம். ஒயர் வழியாகப் பார்த்தால் அது வேறு மாதிரி தெரிகிறது.

ஊமைப் படத்துக்குக் கரண்ட் கட்டாயமில்லை

1905-ல் திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் இருந்து புரொஜக்டரையும் படச்சுருள்களையும் வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். இது பலருக்கும் தெரிந்த கதை.

அதிகம் பேசப்படாத சங்கதி, அந்தக் காலத்துப் படத்தைக் காட்ட மின்சாரமே இல்லாமல் சமாளிக்கலாம் என்பது. படச்சுருளைக் கையால் சுற்றலாம். வெளிச்சத்துக்குச் சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுவாலையில் பழுக்கக் காய்ச்சும் லைம்லைட் போதும். கை கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் திரையில் ஆள் வேகமாக நடப்பான், அவ்வளவுதான். யாரும் காசைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

சத்தம் வந்ததும் இந்தச் சலுகை போய்விட்டது. கண் மன்னிக்கும், காது மன்னிக்காது. வேகம் நூற்றுக்கு மூன்று நான்கு மாறினாலே பாட்டின் சுருதி விலகுவது சங்கீதம் தெரியாதவருக்கும் உறைக்கும்.

சென்னையில் புகைப்படக்காரராக இருந்த ரகுபதி வெங்கையா 1910 வாக்கில் வரவழைத்த குரோனோமெகாஃபோன் இதற்கு நல்ல உதாரணம். பிரான்ஸின் கோமோன் கம்பெனி சாமான். ஒரு பக்கம் புரொஜக்டர், மறுபக்கம் கிராமபோன். இரண்டையும் ஓட்டுகிற மின்மோட்டார்கள் ஒயரால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒன்று ஒரு சுற்றுச் சுற்றினால் மற்றதும் ஒரு சுற்று. சினிமாச் சத்தத்துக்கு இரண்டு மெஷினை ஒயர் போட்டு இணைக்கும் வேலை நம்மூரில் அப்போதே வந்துவிட்டது.

சத்தத்தைப் பெரிதாக்கியது எப்படி? வால்வு ஆம்ப்ளிஃபயர் அப்போது கிடையாது. கிராமபோன் ஊசியின் அதிர்வு ஒரு சின்னக் காற்றுத் திறப்பை ஆட்டும். அதன் வழியாக அழுத்தப்பட்ட காற்று குழாய்க்குள் பாயும். அதாவது காற்றுதான் ஆம்ப்ளிஃபயர். மின்சாரத்தில் நாம் இன்றும் செய்வது இதே தந்திரம்தான்: சின்ன அசைவை வைத்துப் பெரிய ஓட்டத்தைத் திறந்து மூடுவது. வெங்கையா 1914-ல் சென்னையில் கெயிட்டி தியேட்டரையும் கட்டினார்.

வெளிச்சத்தைச் சத்தமாக்கும் வேலை

1926-ல் அமெரிக்காவில் வைட்டாஃபோன் வந்தது. படம் ஒரு பக்கம், நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் பெரிய இசைத்தட்டு ஒரு பக்கம். ஃபிலிம் அறுந்து நாலு கட்டத்தை வெட்டி ஒட்டினால், அதற்கப்புறம் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். அதனால்தான் சத்தத்தை ஃபிலிமின் ஓரத்திலேயே அச்சடிக்கும் முறை ஜெயித்தது.

1931 மார்ச் 14-ல் பம்பாய் மெஜஸ்டிக்கில் ‘ஆலம் ஆரா’. அதே வருஷம் அக்டோபர் 31-ல் சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’. டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசிய படம்.

அந்த ஓரத்துச் சத்தக்கோடு எப்படிப் பேசியது என்று பார்ப்போம். புரொஜக்டருக்குள் இரண்டு விளக்கு உண்டு. ஒன்று படத்துக்கு, கார்பன் ஆர்க். இன்னொன்று சத்தத்துக்கு, எக்சைட்டர் லாம்ப் என்ற குட்டி பல்பு. பரவலாக இருந்த வகை ஒன்று 10 வோல்ட், 5 ஆம்பியர். அதன் வெளிச்சம் மயிரிழை போன்ற ஒரு கோடாகக் குறுக்கப்பட்டு ஃபிலிம் ஓரத்தில் விழும். ஓடுகிற சத்தக்கோட்டுக்குத் தக்கபடி அந்த வெளிச்சம் கூடும், குறையும். பின்னால் இருக்கும் ஃபோட்டோ செல் அதை மின்சாரமாக்கும். கிடைப்பது ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் அற்ப மின்சாரம். அதைத்தான் ஆம்ப்ளிஃபயர் தூக்கித் தூக்கி ஸ்பீக்கர் வரை கொண்டு போக வேண்டும்.

இன்னொரு சுவாரசியம். படம் காட்டும் வாசலில் ஃபிலிம் நின்று நின்று நகரும், வினாடிக்கு 24 தடவை. அங்கே சத்தத்தைப் படித்தால் கடகடவென்றுதான் கேட்கும். அதனால் சத்தத் தலையைக் கீழே, கனமான சக்கரத்தின் மேல் ஃபிலிம் ஒரே சீராக ஓடும் இடத்தில் வைத்தார்கள். எனவே ஒவ்வொரு படத்துக்கும் உரிய சத்தம் அதற்கு 20 கட்டம் தள்ளி அச்சாகியிருக்கும். ஆபரேட்டர் ஃபிலிம் மாட்டும்போது லூப்பை ஒரு கட்டம் கூட்டி விட்டால் வினாடியில் 24-ல் ஒரு பங்கு பிசகும். காற்றில் அந்த நேரத்துக்குள் சத்தம் ஏறக்குறைய 14 மீட்டர் போகும். நீளமான கொட்டாயில் கடைசி வரிசைக்காரனுக்கு உதடு ஒட்டாமல் போக இதுவே போதும்.

டி.சி.யா, ஏ.சி.யா?

இங்கேதான் கரண்ட் உள்ளே வருகிறது. ஏ.சி. மின்சாரம் வினாடிக்கு 100 தடவை திசை மாறும். அதில் பல்பை எரித்தால் வினாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். பெரிய பல்பில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எக்சைட்டர் லாம்ப் அப்படித் துடித்தால், ஃபோட்டோ செல்லுக்கு அது பாட்டின் துடிப்பா மின்சாரத்தின் துடிப்பா என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே அனுப்பும். ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் உறுமல் வரும். மெக்கானிக்குகள் ‘ஹம்’ என்பது இதைத்தான்.

ஆகவே எக்சைட்டருக்கு டி.சி. வேண்டும். படத்துக்கான ஆர்க் விளக்கும் டி.சி.யில்தான் ஆடாமல் எரியும். அந்தக் காலத்துப் பெரிய ஸ்பீக்கர்களில் நிரந்தரக் காந்தம் கிடையாது, கம்பிச்சுருள்தான் காந்தம். அந்தச் சுருளுக்கும் டி.சி. வேண்டும். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் புகழ்பெற்ற 555 டிரைவருக்கு 7 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர் கொடுத்தால்தான் அது காந்தமாகும். ஆரம்ப காலப் பெரிய தியேட்டர்களில் இதற்கென்றே பேட்டரிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஆக, “பேசும் படம் வந்தது” என்று நாம் ஒரு வரியில் முடிப்பதன் அர்த்தம், மூன்று விதமான டி.சி. சப்ளையும் மாறாத வேகத்தில் ஓடும் மோட்டாரும் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தன என்பதுதான். பைக்காரா மின்சாரம் 1932-ல், மேட்டூர் 1937-ல். கிராமத்துக்குக் கம்பி வந்தது அதற்கெல்லாம் ரொம்பப் பிந்தி. கம்பி வராத ஊருக்கும் பேசும் படம் போனது என்றால், அது எஞ்சினைக் கூடவே தூக்கிக்கொண்டு போனதால்தான்.

கொட்டாயின் மின்கணக்கு

கெடிலம் பக்கம் நான் சின்னப் பையனாகப் பார்த்த கொட்டாயில், எஞ்சின் கொட்டகை தனியாகத் தள்ளி இருக்கும். டுப்பு டுப்பு சத்தம் கேட்க ஆரம்பித்தால் சாயங்கால ஆட்டம் உண்டு என்று அர்த்தம். அப்புறம்தான் கூரைமேல் இருக்கும் குழாய் ஸ்பீக்கரில் சாமிப் பாட்டு. தரை டிக்கெட் மணலில் உட்கார்ந்து நாங்கள் பொறுக்கி விளையாடியது, மாமா வெளியே வீசிய கார்பன் குச்சித் துண்டுகளை.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஆர்க்குக்கு 50 வோல்ட், 50 ஆம்பியர் என்று வைத்தால் 2,500 வாட். ஆம்ப்ளிஃபயர் வெளியே தருவது 20, 30 வாட். உள்ளே இழுப்பது அதைப்போல சில மடங்கு. எப்படிப் பார்த்தாலும் வெளிச்சம் தின்றதில் பத்தில் ஒரு பங்கு கூடச் சத்தம் தின்னவில்லை. ஆனால் வெளிச்சம் தின்னும்போது சத்தம் பாதிக்கப்படும். ஆர்க் பற்ற வைக்கிற நொடியில் எஞ்சின் ஒரு திணறு திணறும். வேகம் குறையும், மோட்டார் இறங்கும், பாட்டு இழுக்கும். “எஞ்சின் ஆளும் நானும் புருசன் பொண்டாட்டி மாதிரி, ஒருத்தர் கோவிச்சிக்கினா ரெண்டு பேருக்கும் சோறு இல்ல” என்று மாமா சொல்வார்.

எஞ்சின் கிட்டே இருந்தால் அதன் சத்தம் வசனத்தை முழுங்கும். தள்ளி வைத்தால் ஒயர் நீளும். 30 மீட்டர் தள்ளினால் போகவர 60 மீட்டர். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியிலேயே 50 ஆம்பியருக்குச் சுமார் மூன்றரை வோல்ட் வழியில் போய்விடும். 50 வோல்ட் ஆர்க்குக்கு அது நூற்றுக்கு ஏழு. கொட்டாய் போட இடம் பார்க்கும்போதே இந்தப் பேரம் ஆரம்பமாகிவிடுகிறது.

சட்டமும் கூடவே நின்றது. 1918-ஆம் வருஷத்து சினிமாட்டோகிராஃப் சட்டத்திலிருந்தே லைசென்ஸ், தீப் பாதுகாப்பு எல்லாம் உண்டு. பழைய நைட்ரேட் ஃபிலிம் அப்படிப் பற்றக்கூடியது. பிறகு சென்னை மாநிலத்தில் 1955-ல் சினிமா ஒழுங்குமுறைச் சட்டம், 1957-ல் அதன் விதிகள். ஆபரேட்டருக்கு லைசென்ஸ் கொடுப்பது மின் ஆய்வுத் துறை. படம் ஓட்டுபவனை அரசாங்கம் முதலில் ஒரு மின்சார ஆளாகத்தான் பார்த்திருக்கிறது. மாமாவும் அப்படித்தான் தன்னைப் பார்த்தார். நாங்கள்தான் அவரை ‘சினிமாக்காரர்’ என்றோம்.

பக்கத்திலேயே நெய்வேலி

நான் வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப்பில். திருவதிகைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஜம்புலிங்க முதலியார் 1930-களில் தன் நிலத்துக் கிணற்றில் பழுப்பு நிறப் பொருளைக் கண்டது, 1956-ல் நிறுவனம் உருவானது, 1957 மே 20-ல் நேரு சுரங்கத்தைத் தொடங்கி வைத்தது, சோவியத் உதவியோடு 1962-ல் முதல் 50 மெகாவாட் யூனிட் ஓடியது, 1970-ல் அது 600 மெகாவாட்டாக நிறைந்தது. இதெல்லாம் எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம்.

அப்படியிருக்க, அடுத்த ஊர்க் கொட்டாய் ஏன் 1980-களிலும் டீசல் எஞ்சினில் ஓடியது? சின்ன வயதில் எனக்கு இது வெட்கமாகக் கூட இருந்தது. “எங்க அப்பா வேலை செய்யிற இடத்துலேருந்துதான் மெட்ராசுக்கே கரண்ட் போவுது, உங்களுக்கு எஞ்சினா?” என்று மாமாவைக் கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு, “மெட்ராசுக்குப் போவுது, சரி. எனக்கு ராத்திரி ஒம்பது மணிக்கு எத்தினி வோல்ட்டு வருது, கேட்டுச் சொல்லு” என்றார்.

பதில் அதிலேயே இருக்கிறது. ஒன்று, டூரிங் லைசென்ஸ் கொட்டாய் நிரந்தரமானதல்ல, கழற்றிக் கொண்டு போக வேண்டியது. இரண்டு, கம்பியில் வருவது ஏ.சி. ஆர்க்குக்கு அதை டி.சி. ஆக்க ரெக்டிஃபயர் வேண்டும். டைனமோ நேராகவே டி.சி. தரும். மூன்று, பம்புசெட்டுகள் ஓடும் ஊரில் லைனின் கடைசி வீட்டுக்கு வோல்டேஜ் நிற்காது. மின்வெட்டு வேறு. மின்சாரம் எங்கே உற்பத்தியாகிறது என்பதும் எங்கே ஒழுங்காகக் கிடைக்கிறது என்பதும் வேறு வேறு. கிலோமீட்டர் கணக்கு இதில் செல்லாது.

தட்டு திரும்பி வந்தது

அப்புறம் எல்லாம் வேகமாக மாறியது. ஃபோட்டோ செல்லின் இடத்தில் சிலிக்கன் சோலார் செல், எக்சைட்டர் பல்பின் இடத்தில் சிவப்பு எல்.இ.டி. 1986-ல் ‘மாவீரன்’ 70 மி.மீ., ஆறு டிராக். 1995-ல் ‘குருதிப்புனல்’ டால்பி. 1996-ல் ‘கருப்பு ரோஜா’ டி.டி.எஸ்.

டி.டி.எஸ். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 1993-ல் ‘ஜுராசிக் பார்க்’ படத்தோடு வந்தது. அதில் ஃபிலிமில் இருப்பது நேரக்குறிகள் மட்டுமே. சத்தம் தனியாக ஒரு சி.டி. தட்டில். குறியைப் படித்துப் படித்துத் தட்டை ஓட்டுவார்கள். வெங்கையாவின் மெஷினும் இதே யோசனைதானே! படம் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம், நடுவில் ஒயர். இந்தத் தடவை ஃபிலிம் அறுந்தாலும் அடுத்த குறியில் தட்டு தானே வந்து ஒட்டிக்கொள்ளும். வைட்டாஃபோனால் முடியாதது அதுதான்.

2012 டிசம்பரில் ‘சிவாஜி’ முப்பரிமாணப் படம் அட்மாஸில் வந்தது. இன்றைய தியேட்டரில் டி.சி. பிரச்சனை எல்லாம் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிட்டது. ஆனாலும் ரேக்கின் முன்னால் நிற்பவர் முதலில் பிராசஸரைப் போட்டு, கடைசியாகத்தான் ஆம்ப்ளிஃபயரைப் போடுவார். அணைக்கும்போது நேர் எதிர்: ஆம்ப்ளிஃபயர் முதலில். மாற்றிச் செய்தால் முன்னால் இருக்கும் பெட்டி விடும் ஒரு ‘டொப்’ முழுசாகப் பெருகி ஸ்பீக்கரில் போய் அடிக்கும். ஷீல்டு ஒயரை இரண்டு முனையிலும் எர்த் செய்து ஒரு வளையம் உண்டாக்கினால் இன்றைக்கும் அதே பழைய ஹம்தான்.

நான் செய்த தப்பு

மாமாவின் ஸ்பீக்கரிலிருந்து நாலு ஒயர் வந்தது. ஸ்பீக்கருக்கு இரண்டு ஒயர்தானே என்று நினைத்தேன். பழைய ஸ்பீக்கர் பாழாகிவிடக் கூடாதென்று, அதைக் கழற்றி வைத்துவிட்டு என் வீட்டு ஸ்பீக்கரை இரண்டு ஒயரில் மாட்டினேன். நேராக ப்ளக்கில் செருகினேன்.

மீதி இரண்டு ஒயரும் காந்தச் சுருளுக்குப் போவது. அது காந்தம் மட்டுமல்ல, ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளையில் ஹம்மை வடிகட்டும் சோக்கும் அதுவேதான். வால்வுகளுக்குப் போகும் உயர் வோல்டேஜ் அந்தச் சுருள் வழியாகத்தான் போக வேண்டும். நான் அதைக் கழற்றியதும் வால்வுகளுக்கு மின்சாரம் போகவில்லை. சுமை இல்லாததால் முதல் கெப்பாசிட்டரில் வோல்டேஜ் ஏறியது. வருஷக்கணக்காய்க் காய்ந்து கிடந்த கெப்பாசிட்டர் தாங்காமல் வெடித்து ஷார்ட் ஆனது. ஃப்யூஸ் போயிருக்க வேண்டும். திறந்து பார்த்தால் ஃப்யூஸ் இடத்தில் யாரோ தடிமனான கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். திண்ணைச் சுவரில், என் தலைக்கு மேலே, மாமாவின் சீரிஸ் போர்டு தொங்கிக் கொண்டிருந்தது. ஒரு ஹோல்டர், ஒரு 100 வாட் பல்பு, ஒரு ப்ளக் பாயின்ட். எந்த ரேடியோ ரிப்பேர் கடையிலும் இருக்கும். புதுசாய் வருகிற சாமானை அதன் வழியாகத்தான் போடுவார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், சாமான் தப்பிக்கும். மாமாவின் மொத்தப் படிப்பும் அந்தப் பலகையில் இருந்தது. நான் அதை ஏதோ பழைய சுவிட்ச் பெட்டி என்று நினைத்தேன்.

பண்ருட்டியில் மோட்டார் காயில் கட்டும் ஒருவர் டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்பச் சுற்றிக் கொடுத்தார். கெப்பாசிட்டர்களை மாற்றினேன். நாலு ஒயரையும் மாமாவின் ஸ்பீக்கரிலேயே மாட்டினேன். சீரிஸ் போர்டு வழியாகப் போட்டேன். பல்பு ஒரு தடவை எரிந்து மங்கியது. ஃபோனிலிருந்து ஒரு பழைய சாமிப் பாட்டு. கொஞ்சம் ஹம் இருந்தது.

அத்தை வாசப்படியில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டார்கள். “சத்தம் அதேதான். எஞ்சின் சத்தம்தான் இல்ல” என்றார்கள்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு சாமான் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள், நேராக ப்ளக்கிலும் செருகாதீர்கள். ஒயர்களை எண்ணுங்கள், ஃப்யூஸைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் வோல்டேஜ் ஆளைக் கொல்லும், அதனால் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெரிந்தவர் இன்னும் உயிரோடு இருந்தால், சாமானுக்கு முன்னால் அவரைப் போய்ப் பாருங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள். நான் அதைச் செய்யத் தவறினேன்.